மூக்குக் கண்ணாடி அணிந்த மாவீரன்

நன்னூல் வகுப்பில் ஒருநாள் வழக்கத்துக்கு மாறான அமைதி நிலவியது. உயிரீற்றுப் புணரியல் நடந்துகொண்டிருந்தது. புணரியல் நடக்கும்போது மாணவர் அமைதியாயிருப்பது அவர்கள் பாடத்தைக் கவனிப்பதற்கு அறிகுறியன்று என்பது, முப்பது ஆண்டுக்கால ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம். கடைசி வாங்கில் இருந்த மாணவனிடம் சென்றேன். காண்டிகையுரை விரிந்திருந்தது. அதன் மடியிலே மற்றொரு நூலும் விரிந்திருந்தது. நீல உடை, சிவந்த மேற்போர்வை, மார்பிலே ஓர் ஆங்கில எழுத்து. வானத்திலே ஒரு மனிதன் பறந்துகொண்டிருந்தான்.

நூலை வாங்கிக்கொண்டேன். “காப்பியம் படிக்க வந்த இடத்தில் இந்தக் குப்பை எதற்கு?” என்று கடிந்தும் கொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். பின்பு மெல்ல, “ஐயா, நீங்கள் இதை வாசித்திருக்கிறீர்களா?” என்று கேட்டான். கேள்வியிலே பணிவு இருந்தது, அம்பும் இருந்தது. வாசியாத நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாகாது என்று அவனுக்குக் கற்பித்தவன் நானேயல்லவா?

அன்றிரவு அந்நூலை வாசித்தேன். ஒன்று பலவாயிற்று. அந்த வீரனின் வரலாற்றையும், அவனைப் படைத்தோரின் வரலாற்றையும் சில மாதங்கள் தேடிப் படித்தேன். இளைஞர் பலர் அறிந்ததும், என் போன்றோர் அறிய மறுத்ததுமான அவ்வரலாற்றை ஈண்டு ஒழுங்குபடுத்திக் கூற முயல்கின்றேன்.

கதையின் கரு

சுப்பர்மேன் எனப்படும் அவ்வீரனின் கதை சுருக்கமானது. கிறிப்டன் என்னும் தொலைதூரக் கோள் வெடித்தழியும் தறுவாயில், அங்கே வாழ்ந்த விஞ்ஞானி ஒருவர் தம் குழந்தையை ஒரு விண்கலத்தில் வைத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார். அமெரிக்க நாட்டுப்புறத்தில் வீழ்ந்த அக்குழந்தையைக் கென்ற் என்னும் எளிய தம்பதியர் எடுத்து வளர்க்கின்றனர். வளர்ந்தபின் அவன் நகரஞ் சென்று, கிளார்க் கென்ற் என்னும் பெயரோடு ஒரு பத்திரிகை நிருபனாகிறான். மூக்குக் கண்ணாடியும் கூச்சமும் உடைய அவனைச் சக நிருபர்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. துன்பக் குரல் கேட்கும்போது அவன் கண்ணாடியைக் கழற்றுகிறான், மாவீரன் வெளிப்படுகிறான்.

ஆற்றிலே விடப்பட்ட கர்ணனையும், சிறையிலிருந்து ஆயர்பாடிக்குக் கொண்டுசெல்லப்பட்ட கண்ணனையும் அறிந்த நமக்கு இக்கரு புதியதன்று. விவிலிய நூலை அறிந்தோர் நாணற் பேழையில் மிதந்த மோசேயை நினைப்பர். பெற்றோர் கையிலிருந்து நழுவிய குழந்தை பிறர் கையில் வளர்ந்து பெரியோனாதல் மனித குலத்தின் மிகப் பழைய கதைகளுள் ஒன்று. இங்கே பேழை இருந்த இடத்தில் விண்கலம் இருக்கிறது; அவ்வளவே.

அவ்வீரனின் பிறப்புப் பெயர் கல்-எல் என்பது. எபிரேய மொழியிலே ‘எல்’ என்னுஞ் சொல் இறைவனைக் குறிக்கும். தமிழிலே ‘எல்’ ஒளியையும் ஞாயிற்றையும் குறிக்கும். அவனுடைய ஆற்றலெல்லாம் நமது ஞாயிற்றின் ஒளியாற் பெற்றது என்று பிற்காலக் கதைகள் கூறுவதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இஃது ஒலியொற்றுமையேயன்றிச் சொல்லுறவன்று. மாணவர் எவரேனும் இதனை ஆராய்ச்சியாக்கிவிடுதல் வேண்டா.

இரண்டு சிறுவர்கள்

இவ்வீரனைப் படைத்தோர் பெரும் புலவர்களல்லர். கல்லூரிப் பருவத்துச் சிறுவர் இருவர். எழுதியவர் ஜெரி சீகல். வரைந்தவர் ஜோ சூஸ்ரர். இருவரும் 1914 இல் பிறந்தவர்கள். சீகல் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரிலும், சூஸ்ரர் கனடாவின் ரொறன்ரோ நகரிலும் பிறந்தனர். இருவர் பெற்றோரும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர். சூஸ்ரர் குடும்பம் கிளீவ்லாந்துக்கு வந்தபின், கிளென்வில் உயர்நிலைப் பள்ளியிலே இருவரும் நண்பராயினர். இருவரும் கூச்ச சுபாவம் உடையவர்கள், கண்ணாடி அணிந்தவர்கள், விளையாட்டிலே பின்தங்கியவர்கள். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளே அவர்கள் உலகம்.

சீகலின் தந்தையார் பழைய உடுப்பு விற்கும் சிறு கடையொன்று நடத்திவந்தார். 1932 ஜூன் மாதத்து இரவொன்றில் அக்கடையிலே திருடர் புகுந்தனர். தந்தையார் அவ்விடத்திலேயே வீழ்ந்து இறந்தார். மாரடைப்பே காரணமென்பது மரண விசாரணையின் முடிபு. மகனுக்கு அப்போது பதினேழு வயது.

அடுத்த ஆண்டு, 1933 ஜனவரியில், சீகலும் சூஸ்ரரும் தாமே அச்சிட்ட சிறு சஞ்சிகையொன்றில் ‘அதிமானிடனின் ஆட்சி’ என்று பொருள்படும் தலைப்பிலே ஒரு கதை வந்தது. அக்கதையின் அதிமானிடன் வீரனல்லன். உலகையாள விழைந்த வழுக்கைத் தலைக் கொடியோன். ஜேர்மானிய தத்துவ ஞானி நீட்சே வழங்கிய சொல்லும், பெர்னாட் ஷோ 1903 இல் வெளியிட்ட நாடகத்தின் தலைப்பும் அப்பெயருக்கு முன்னோடிகள். ஆயின் இச்சிறுவர்கள் விரைவிலே அச்சொல்லைத் தலைகீழாக்கினர். ஆற்றல் மிக்கவன் பிறரை ஆளப் பிறந்தவன் என்பது பழைய பொருள்; ஆற்றல் மிக்கவன் பிறரைக் காக்கக் கடமைப்பட்டவன் என்பது இவர்கள் தந்த பொருள்.

துப்பாக்கிக் குண்டு துளைக்கமுடியாத மேனியுடைய ஒருவன் கள்வர்களை எதிர்கொள்கிறான் என்னும் கற்பனைக்கும், அந்த உடுப்புக் கடையிலே நிகழ்ந்த மரணத்துக்கும் தொடர்புண்டென ஆய்வாளர் சிலர் கருதுவர். அஃது அநுமானமே. எனினும், தந்தையை இழந்த பிள்ளையின் நெஞ்சிலே ‘அங்கே காப்பாற்ற ஒருவன் வந்திருந்தால்’ என்னும் எண்ணம் எழாதிருக்குமோ? இலக்கியம் பயில்வோர் இவ்வநுமானத்தை எளிதில் தள்ளிவிடமாட்டார்.

எளியோர்க்குத் துணைவன்

பத்திரிகை நிறுவனங்கள் பல இக்கதையை மறுத்துவிட்டன. பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம். வரைவதற்கு நல்ல தாள் வாங்க வழியின்றிச் சூஸ்ரர் கழிவுத் தாள்களிலே வரைந்தார். ஈற்றில் நியூயோர்க் பதிப்பகமொன்று 1938 இல் இக்கதையை ஏற்றது. ‘அக்ஷன் கொமிக்ஸ்’ என்னும் சஞ்சிகையின் முதலாம் இதழ் அவ்வாண்டு ஜூன் திகதியிட்டு, பத்துச் சதம் விலைக்கு வெளிவந்தது. மோட்டார் வண்டியொன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பாறையிலே மோதும் வீரனின் படம் அதன் அட்டையை அலங்கரித்தது. பதின்மூன்று பக்கங்களே கொண்ட அக்கதையோடு ஒரு புதிய கதைவகை பிறந்தது.

முதற் பக்கத்தில் வீரனின் ஆற்றலை நிறுவும் முறை கவனிக்கத்தக்கது. எறும்பு தன் எடையினும் பன்மடங்கு சுமக்கிறது. வெட்டுக்கிளி தன் உடலளவினும் பன்மடங்கு தாவுகிறது. ஆதலின் இவன் செயலும் இயல்பே என்று கதாசிரியர் வாதிடுகிறார். புலவன் சிங்கத்தையும் மலையையும் உவமை காட்டுவான். இச்சிறுவரோ எறும்பைக் காட்டினர். மாவீரனுக்கு எறும்பை உவமை காட்டத் துணிந்தமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அக்காலத்தில் அவன் பறக்கவும் இல்லை. ஒரு மைலின் எட்டிலொரு பங்கு தூரந் தாவினான். வானொலி நாடகமும் 1941 இல் தொடங்கிய கார்ட்டூன் திரைப்படங்களுமே பின்பு அவனைப் பறக்கவிட்டன.

அவன் முதலிலே யாரோடு போரிட்டான்? பிற கோள்களிலிருந்து வந்த அரக்கரோடன்று. முதற் கதையிலே, குற்றமற்ற பெண்ணொருத்தியை மரண தண்டனையிலிருந்து மீட்கிறான். மனைவியை அடிக்கும் கணவனை அடக்குகிறான். சட்டமன்றத்தாரை விலைக்கு வாங்க முயல்வோனைக் கலங்கவைக்கிறான். மூன்றாம் இதழிலே, பாதுகாப்பற்ற சுரங்கத்தின் முதலாளியை அவருடைய விருந்தினரோடு அதே சுரங்கத்துள் அகப்படச்செய்து, தொழிலாளி படும் துன்பத்தை உணரவைக்கிறான். எட்டாம் இதழிலே, சிறுவரைக் குற்றவாளிகளாக்கும் சேரிக் கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறான். அரசாங்கம் அவ்விடத்தில் நல்ல வீடுகள் கட்டவேண்டியதாகிறது. சட்டத்தை மீறிய இச்செயலை ஒழுக்க நூலார் ஏற்பரோ என்பது வேறு விசாரணை. ஏழைகளின் மனக்குறை எங்கே இருந்தது என்பதை அவ்விளைஞர் அறிந்திருந்தனர் என்பதே இங்கு வேண்டற்பாலது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முன்னரே, 1940 பெப்ரவரியில், ‘லுக்’ என்னும் சஞ்சிகைக்காக இருவரும் ஒரு சிறு சித்திரக்கதை படைத்தனர். அதிலே வீரன் ஹிட்லரையும் ஸ்ராலினையும் பிடித்துச் சென்று ஜெனீவாவிலே சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகிறான். இது கண்டு, நாற்சிகளின் எஸ்.எஸ். படையினரது வார ஏடு சீகலை யூதரெனக் குறித்து வசை பொழிந்தது. பேரரசொன்றின் படை ஏடு ஒரு சித்திரக்கதைக்கு மறுப்பு எழுத நேர்ந்தது! ‘சிறுவர் பொழுதுபோக்கு’ என்று நாம் அலட்சியஞ் செய்ததன் வலிமையைப் பகைவர் முதலில் உணர்ந்தனர்போலும்.

1946 இல் வானொலி நாடகத் தொடரொன்றிலே, சீன வமிசத்து அமெரிக்கக் குடும்பமொன்றைத் துன்புறுத்தும் முகமூடிக் கூட்டத்தாரோடு அவன் போராடினான். கூ கிளக்ஸ் கிளான் என்னும் இனவெறிக் கூட்டத்தையே அந்நாடகம் சுட்டியது என்பதைக் கேட்டோர் அறிந்தனர்.

வசையும் விசாரணையும்

சித்திரக்கதைகளை வெறுத்தவன் நான் ஒருவனல்லன். 1954 இல் பிரெட்ரிக் வேர்தம் என்னும் மனநல மருத்துவர், இவை சிறுவரைக் குற்றத்துக்குத் தூண்டுவன என்று நூலெழுதினார். சுப்பர்மேனையும் அவர் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க மேற்சபையின் உபகுழுவொன்று விசாரணை நடத்தியது. பதிப்பாளர் அஞ்சித் தமக்குத்தாமே தணிக்கை விதிகள் வகுத்துக்கொண்டனர். மருத்துவரின் குறிப்பேடுகள் 2010 இல் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்தபோது, சிறுவர் கூறியவற்றை அவர் பல இடங்களிற் கூட்டியும் குறைத்தும் மாற்றியும் எழுதியிருந்தமை தெரியவந்தது. அவர் நோக்கம் நன்றாயிருந்திருக்கலாம். நல்ல நோக்கமும் பொய்ச்சான்றை மெய்யாக்காது. மாணவர் கையிலிருந்து நூலைப் பறிக்கும் ஆசிரியர் யாவரும் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. என்னையுஞ் சேர்த்தே சொல்கின்றேன்.

குறையே கதை

இத்துணை ஆண்டுகள் இவன் நிலைத்ததன் காரணம் யாது? வலிமையே காரணமென்பர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. வலிமை மாத்திரம் மருட்கையை விளைக்கும். மருட்கை விரைவிலே சலிக்கும். பெருங்காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் வேண்டுமென இலக்கண நூலார் விதித்தனர். ஆனால், ஒரு குறையுமில்லாத தலைவனுக்குச் சொல்வதற்கு ஒரு கதையும் இல்லை. இதனை இக்கதாசிரியர்களும் உணர்ந்தனர். 1943 இல் வானொலித் தொடரிலே ‘கிறிப்டனைற்’ என்னும் கனிப்பொருள் புகுத்தப்பட்டது. உலகில் எதற்கும் அஞ்சாதவன் தன் பிறந்த மண்ணின் துண்டொன்றின்முன் வலியிழந்து வீழ்கிறான். அழிந்த தாயகமே அவனுக்கு நஞ்சாகும் இக்கற்பனை, வாணிக நோக்கிலே பிறந்ததாயினும், ஆழமுடையது.

அதனினும் ஆழமானது இருவேடம். விராட நகரிலே அருச்சுனன் பேடியாய் ஆடல் பயிற்றினான். வீமன் மடைத்தொழில் செய்தான். அவர்கள் யாரென்பதை நாம் அறிவோம், அவ்வூரார் அறியார். அந்த அறிவே நமக்கு இன்பமாகிறது. பாண்டவர்க்கோ அக்கரந்துறைவு ஓராண்டோடு முடிந்தது. கிளார்க் கென்ற்றுக்கு முடிவதில்லை. அவன் நேசிக்கும் லோயிஸ் லேன் என்னும் பெண் வீரனை வியக்கிறாள். அருகிலிருக்கும் நிருபனை இகழ்கிறாள். இருவரும் ஒருவரே என்பதை அவன் சொல்லமுடியாது. ‘என்னை இகழ்வோர் என் உள்ளே இருப்பதை அறியாரே’ என்று ஒருமுறையேனும் எண்ணாத மாணவன் உண்டோ? ஆசிரியன்தான் உண்டோ? அந்த எண்ணத்துக்கு அச்சிறுவர்கள் இருவரும் ஓர் உருவம் கொடுத்தனர்.

1978 இல் வெளிவந்த திரைப்படத்திலே கிறிஸ்தோபர் றீவ் என்னும் நடிகர் இவ்விரு வேடத்தையும் உடுப்பால் மாத்திரமன்றி முதுகெலும்பாலும் நடித்துக் காட்டினார். கூனிய தோள் நிமிர்கிறது. குரல் தாழ்ந்து உறுதிபெறுகிறது. கண்ணாடியைக் கழற்றுமுன்னரே ஆள் மாறிவிடுகிறான். அப்படத்திலே வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் இறந்துவிடுகிறார். இத்தனை ஆற்றலிருந்தும் அவரைக் காக்க முடியவில்லையே என்று மகன் கலங்குகிறான். 1932 ஆம் ஆண்டின் உடுப்புக் கடையை அறிந்தவர்க்கு அக்காட்சி கண்ணீர் வருவிக்கும். அந்நடிகரே 1995 இல் குதிரையிலிருந்து வீழ்ந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2004 இல் மறையும்வரை, சக்கர நாற்காலியிலிருந்தே முதுகந்தண்டு நோயாளருக்காகப் பணிசெய்தார். பறந்து காட்டியபோதினும் அப்போதே அவர் அவ்வீரனை நன்கு உணர்த்தினார் என்பது என் எண்ணம்.

நூற்று முப்பது டொலர்

இனிக் கூறவேண்டியது கசப்பானது. 1938 மார்ச்சிலே பதிப்பகம் அவ்விளைஞர்க்கு அனுப்பிய காசோலையில், இவ்வீரனின் முழு உரிமைக்குமான விலையாகக் குறிக்கப்பட்ட தொகை 130 டொலர். நல்ல ஊதியத்தோடு சில காலம் எழுதியும் வரைந்தும் வந்தனர். ஆயினும் படைப்பு அவர்களுடையதன்று. 1947 இல் வழக்காடினர். மறு ஆண்டு சுமார் 94,000 டொலர் பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டனர். கதையின் தலைப்பிலிருந்து அவர்கள் பெயரும் நீக்கப்பட்டது.

அதன்பின் வறுமை. சூஸ்ரரின் கண்பார்வை மங்கிவந்தது, வரைய முடியவில்லை. சீகல் அலுவலகமொன்றிலே சாதாரண எழுத்தர் வேலை பார்த்தார். உலகமெங்கும் தன் மகன் பறக்கக் கண்டு, ‘இவன் என் மகன்’ என்று சொல்லும் உரிமையற்றிருந்த தந்தையின் நிலை அது. 1975 இல், பெரும் பொருட்செலவிலே திரைப்படம் எடுக்கப்படுகிறதென்று கேட்ட சீகல், தம் குறையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். நீல் அடம்ஸ், ஜெரி றொபின்சன் முதலிய சித்திரக் கலைஞர் அவர்களுக்காக வாதாடினர். உரிமை பெற்றிருந்த நிறுவனம் இருவர்க்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவியளிக்க இணங்கியது. அவர்கள் பெயரும் படைப்பின்மேல் மீண்டும் பொறிக்கப்பட்டது. சூஸ்ரர் 1992 இலும் சீகல் 1996 இலும் மறைந்தனர். பத்துச் சதத்துக்கு விற்ற அம்முதலிதழின் பிரதியொன்று 2024 இல் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று.

அநீதியை எதிர்க்க ஒரு வீரனைப் படைத்தவர்க்கு நேர்ந்த அநீதியைத் தீர்க்க அவ்வீரன் வரவில்லை. அதனைத் தீர்த்தவர் சாதாரண மனிதர். கண்ணாடி அணிந்த, மேசையிலிருந்து எழுதும், வரையும் மனிதர். இதனை எண்ணுந்தோறும் கிளார்க் கென்ற்றின்மேல் எனக்கு மதிப்பு உயர்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அம்முதற் கதை 2034 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எவரும் எடுத்தாளக்கூடிய பொதுச்சொத்தாகும். கர்ணனும் கண்ணனும் எவர் உடைமையுமல்லாதவாறுபோல, அன்று இவனும் கதை சொல்வோர் யாவர்க்கும் உரியவனாவான்.

மாணவனின் நூலை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். “வாசித்தேன், குப்பையென்று சொன்னது பிழை,” என்றேன். அவன் எதிர்பார்க்கவில்லை. “உனக்கு இவனை ஏன் பிடிக்கும்? பலசாலி என்பதாலா?” என்று கேட்டேன்.

சற்றுநேரம் யோசித்தான். “இல்லை ஐயா. அவன் பிறந்த இடம் இப்ப இல்லை, திரும்பிப் போகேலாது. ஆனாலும் வந்து சேர்ந்த ஊருக்கு நல்லதுதான் செய்யிறான்,” என்றான்.

அவனுடைய பெற்றோரின் ஊர் எதுவென்பதை நான் அறிவேன். ஆதலின் மேலே ஒன்றும் கேட்கவில்லை. குடிபெயர்ந்தோர் பிள்ளைகள் இருவர் கிளீவ்லாந்திலே இருந்து எழுதி வைத்ததை, எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டபின், எங்கள் கடைசி வாங்கிலே ஒருவன் பிசகின்றி வாசித்துவிட்டான். உரையாசிரியனாகிய எனக்குத்தான் இத்தனை மாதங்கள் பிடித்தன.

மறுநாள் மீண்டும் புணரியல். அன்று அவன் காண்டிகையுரையின் நடுவே ஒன்றுமிருக்கவில்லை. சித்திரக்கதை மேசைமேல், எல்லாருங் காணும்படி, மூடியே கிடந்தது. நானும் அதனை எடுத்துவைக்கச் சொல்லவில்லை.